பூஜைக்கு வைத்த மருந்து

என் கணவன் அபிராமுக்கு இன்னும் கொஞ்சம் புத்தி இருந்திருந்தால், என் மாமியார் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டாள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் போன ஐப்பசியிலேயே சொல்லித் தீர்த்துவிட்டேன். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைக் கேட்டிருப்பார்கள்.

நான் காயலுக்கு அக்கரையில், எறணாகுளத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பி.எச்.டி. செய்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பதும் கொல்வதும்தான் என் வேலை. குடுவையில் போட்டு, உடம்புச் சூட்டில் வைத்து, நாள் தவறாமல் ஊட்டம் மாற்றி, பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்து வளர்க்க வேண்டும். நன்றாக வளர்ந்த பிறகு வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை விட்டுக் கொல்ல வேண்டும். "பால் ஊத்தி வளர்த்துக் கழுத்தை நெரிக்கறதுக்கு இவ்வளவு படிப்பா?" என்று என் மாமியார் கேட்பாள்.

மாமியார் பெயர் சங்கரி. நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவுக்கு என் வேலையைப் பற்றி எல்லாம் தெரிந்தாக வேண்டும். ஒரு நாள் சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே, அந்த மருந்து அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்டாள். நல்ல செல்லுக்குத் தன் காலம் முடிந்ததும் தானே செத்துப்போகத் தெரியும், புற்றுநோய்ச் செல் அதை மறந்துவிட்டது, இந்த மருந்து உள்ளே போய் அதை நினைவுபடுத்தும் என்றேன். நினைவு வந்ததும் அந்தச் செல் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி மேலெல்லாம் கொப்புளித்து, உடைந்து, துண்டு துண்டாகப் போய்விடும் என்றும் சொன்னேன்.

அம்மா கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். "அப்போ சாக மறந்ததுகளுக்கு ஓர்மைப்படுத்தற மருந்தாக்கும். நம்ம தெருவிலேயே ரெண்டு மூணு பேருக்கு வேண்டியிருக்கே, கொஞ்சம் கொண்டு வாயேன்."

"அம்மா!"

"சரி, சரி. வைட்டமின் ஏ-ன்னா காரட்டிலே இருக்கறதுதானே? தினம் ரெண்டு காரட் தின்னா மதியே, அதுவே போறுமே, என்னத்துக்கு உன் குப்பி?"

காரட்டால் இது ஆகாது, நான் விடுவது அதிலிருந்து மாற்றிச் செய்த வேறொரு பொருள், அதுவும் குடுவைக்குள்தான் வேலை செய்கிறது, மனித உடம்புக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும், வராமலும் போகலாம் என்று விளக்கினேன். அளவு மிஞ்சினால் வைட்டமின் ஏ-யே விஷம் என்றும் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "படிச்சவாளுக்கு ஒண்ணும் தீர்மானமா சொல்ல வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். என்னைப் பெற்ற அம்மாவிடம்கூட நான் இவ்வளவு பேசியதில்லை.

ஆனால் பூஜை அறை மட்டும் அம்மாவின் ராஜ்யம். என் மாமனார் போன பிறகு அங்கே வேறு யாருக்கும் வேலை கிடையாது. திரி திரிப்பது, சந்தனம் அரைப்பது, மணி அடிப்பது எல்லாம் அவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் நல்ல பெயர் வாங்கலாம் என்று நான் ஒரு நாள் விளக்கைப் பளபளவென்று துலக்கி வைத்தேன். அம்மா வந்து பார்த்தாள், "நன்னாயிருக்கு" என்றாள், விளக்கை எடுத்துக்கொண்டு போய் மறுபடி துலக்கினாள். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

போன நவராத்திரி நடுவில் ஆய்வுக்கூடத்தில் எங்கள் ஃப்ரீசர் கெட்டுப்போனது. பூஜை விடுமுறை முடிந்தால்தான் ஆள் வரும் என்றார்கள். மற்ற ஃப்ரீசர்களில் ஊசி குத்த இடமில்லை. அதில் என் குப்பி இருந்தது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எங்களுக்காகவே செய்து அனுப்பிய புது மருந்து அது, கடையில் கிடைக்காது. அதில் ஒரு முறை நல்ல முடிவு வந்திருந்தது. செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தன. அதே முடிவு மறுபடி வந்தால்தான் என் ஆய்வேட்டில் அது ஏறும். என் வழிகாட்டி சுதீர் சார், "வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள், வேறு வழியில்லை" என்றார்.

ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துப் படகில் கொண்டுவந்தேன். வெளிச்சம் பட்டால் அந்த மருந்து உருமாறிவிடும், சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் லேபிலேயே அலுமினியத் தாளில் சுற்றியிருந்த குப்பியை ஒரு டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். அம்மாவையும் அபியையும் கூப்பிட்டு நிறுத்தி, "இதை யாரும் தொடக்கூடாது" என்றேன். பிறகு ஆலுவாவுக்குக் கிளம்பினேன். விஜயதசமியன்று என் அக்கா குழந்தையை எழுத்துக்கு இருத்துகிறார்கள், முதல் அட்சரம் எழுதவைக்கும் சடங்கு, பிறந்த வீட்டில் நான் இல்லாமல் ஆகாது.

திரும்பி வந்தபோது டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. ஃப்ரீசரும் சரியாகிவிட்டது. குப்பியைக் கொண்டுபோனேன், செல்களுக்கு மருந்து விட்டேன், மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. கும்மென்று வளர்ந்து, குடுவை கொள்ளாமல் இருந்தன. எண்ணெயில் போட்ட அப்பளம் எங்கே, இவை எங்கே! விருந்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன.

மறுபடி செய்தேன். அதே கதை. புதுச் செல் வளர்த்து, புது ஊட்டம் வாங்கிச் செய்தேன். அதே கதை. முதலில் வந்த முடிவுதான் தப்போ என்று சுதீர் சார் மெதுவாகக் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. ஆய்வேட்டிலிருந்து அந்தப் பகுதியையே எடுத்துவிடலாம் என்றார். இரண்டு வருஷ உழைப்பு. அந்த வாரமெல்லாம் நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு கூட என்று அபியிடம் கத்தினேன். சமைத்தது நான்தான்.

ஒரு நாள் மத்தியானம், கடைசிச் சொட்டு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கக் குப்பியை எடுத்தேன். அதுவரை மூடிப் பக்கத்தை மட்டும் திறந்துதான் மருந்து எடுத்திருந்தேன். அன்று அவசரத்தில் தாள் கிழிந்தது. அப்போதுதான் கவனித்தேன், அது எங்கள் லேபில் இருக்கும் கனமான தாள் இல்லை. எங்கள் வீட்டில் சப்பாத்தி சுற்றும் தாள். அதை முழுவதும் உரித்தேன். குப்பியின் வயிற்றில் காய்ந்த சந்தனம். அதன் நடுவில் அம்சமாக ஒரு குங்குமப்பொட்டு.

பையை எடுத்துக்கொண்டு நேரே படகுத்துறைக்கு ஓடினேன். வழியெல்லாம் மனதுக்குள் வசனம் பேசிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றினேனா என்று இன்றைக்கும் ஓர்மையில்லை.

அம்மா ஹாலில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குப்பியை அவள் முன்னால் நீட்டினேன். "இது என்னம்மா? என் மருந்துக்குப் பொட்டு வச்சது யாரு? இது என்ன மாரியம்மனா? இதை யாரும் தொடக்கூடாதுன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்! போச்சு, எல்லாம் போச்சு! என் ரெண்டு வருஷமும் தீபாராதனையிலே போச்சு!"

அம்மாவின் முகம் வெளுத்தது. "நான் வைக்கலைடி கொழந்தே. அபிதான் வச்சான்."

அபிராமுக்குப் பேலஸ் ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. போன் செய்ததும் ஸ்குரூடிரைவரும் கையுமாக ஓடி வந்தான். ஆபத்து என்று நினைத்திருக்கிறான், பாவம். விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் ஒரு பெருமைகூட வந்தது.

"ஆமா, அஷ்டமியன்னிக்கு ஆயுதமெல்லாம் பூஜைக்கு வச்சேன். என் ஸ்குரூடிரைவர், லேப்டாப் எல்லாம். உன் ஆயுதம் மட்டும் விட்டுப் போகலாமா? நீ ஊர்லே இல்லை, உனக்காக நானே எடுத்து வச்சேன். தசமி வரைக்கும் யாரும் தொடலை, பூஜை எடுத்ததும் முன்னே இருந்த மாதிரியே சுத்தி வச்சுட்டேனே!"

"தாளை என்னத்துக்குப் பிரிச்சே?"

"மூடி வச்சா சரஸ்வதிக்கு எப்படித் தெரியும்?"

இந்த மனிதனோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டான், அவன் பிழைப்பே அதுதான். இரண்டு நாள் விளக்கு வெளிச்சம், பூ, ஊதுபத்தி, புரட்டாசிப் புழுக்கம், போதாததற்குப் பூஜை அறையில் அவன் போட்டிருந்த சீரியல் பல்பு மாலை! நான் கத்திய கத்தலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அபி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கடைசியில், "நீ ஜயிக்கணும்னுதான் வச்சேன், கங்கா" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்ததால் இன்னும் கோபம் வந்தது.

"உன்னை யாரு பூஜை பண்ணச் சொன்னா? இந்த ஆத்திலே என்னிக்கு நீ பூஜை அறைக்குள்ளே போயிருக்கே?"

"அம்மாதான் சொன்னா. முட்டு வலி, உட்கார முடியலை, நீயே வச்சுடுன்னா."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டு வலிக்காரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்கிறாள்.

நான் துலக்கிய விளக்கை மறுபடி துலக்கியவள் அம்மா. காய்ச்சலில் கிடந்தபோதுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் விளக்கேற்றியவள். அவள் நவராத்திரி பூஜையை அபி கையில் கொடுப்பாளா? ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே, "துளசிக்கு நீ வெள்ளம் விட்டுடு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாங்காய் ஊறுகாய் இருக்கும் பரணியைத் திறந்து எடுத்துத் தரச் சொன்னாள். கட்டிலை விட்டுவிட்டுச் சில நாள் பாயில் படுத்தாள். தன் துணியைத் தானே தோய்த்து மாடியில் ஒரு மூலையில் காயப்போட்டாள். எல்லாவற்றுக்கும் முட்டு வலி என்றாள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

எங்கள் வீடுகளில் இத்தனையும் சேர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், மாதவிலக்கு. ஆனால் அம்மாவுக்கு அதெல்லாம், நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

"அபி, நீ கடைக்குப் போ."

"கங்கா, நான் வேணும்னா புது மருந்து..."

"போன்னா போ!"

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா, தூரமா?"

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். நல்ல இலையையும் சேர்த்துக் கிள்ளிப் போட்டாள்.

"எப்போலேர்ந்தும்மா?"

"ஆவணி அவிட்டத்துக்கு முன்னாடியே. வரும், போகும். உடம்புச் சூடுடி, வேறொண்ணுமில்லை. வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கறேன்." பிறகு மெல்லிய குரலில், "இந்த வயசிலே இதை யார்கிட்டப் போய்ச் சொல்ல? அசிங்கமா இருக்காதா? அதான் பூஜை அறைக்குப் போகாம ஒதுங்கி இருந்தேன்" என்றாள்.

நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டால் என்னென்னவாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். சாதாரணமாகவும் இருக்கலாம். ஆனால் நான் தினமும் குனிந்து பார்க்கும் அந்தச் சனியனாகவும் இருக்கலாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதன் முகத்திலேயே விழித்துக்கொண்டிருக்கிறேன், அதே சமயம் வீட்டில் ஒருத்தி பாயில் சுருண்டு படுத்திருக்கிறாள். விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம்" என்றேன்.

"நான் வரமாட்டேன்."

"வரேள்."

"மாட்டேன்டி. வெறுதே எல்லாரும் அறிஞ்சு நாணக்கேடாகும். அங்கே போய்ப் படுத்துண்டு ஒருத்தருக்குக் காட்டணுமா? அதைக் காட்டிலும் இப்படியே போய்ச் சேர்ந்துடறேன். வயசாச்சு, மதி, போறும்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "போய்ச் சேருவேளா? உங்களுக்கு என்ன, போயிடுவேள். நான் யாரோட பேசறது? உங்க பிள்ளையோடயா? அவன் உங்களையும் கழற்றிப் பார்த்துட்டு மறுபடி மூடி வச்சுடுவான்! அம்மா, நேக்கு நீங்கோ வேணும். மருந்து போனாப் போறது, இன்னொண்ணு வரும். உங்களுக்கு நான் எங்கே போவேன்?" அவள் கையிலிருந்த கீரையைப் பிடுங்கி வைத்தேன். "என் மருந்து பாழாப் போச்சோன்னோ? அபியைப் பூஜை பண்ணச் சொன்னது நீங்கோதானே? அதுக்குப் பிராயச்சித்தம் பண்ணணும். டாக்டர்கிட்ட வரதுதான் பிராயச்சித்தம்."

பிராயச்சித்தம் என்று சொல்லிவிட்டால் அம்மாவால் மறுக்க முடியாது. அவள் பயப்படும் சட்டம் அது ஒன்றுதான்.

"பொம்பளை டாக்டர்தானே?" என்றாள்.

டாக்டர் மாளவிகா என் வயதுதான் இருப்பாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பரிசோதித்தாள். திசுவில் ஒரு துளி எடுத்து அனுப்பினாள். முடிவு வந்த அன்று அவள் என்னிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் குடுவையில் இருக்கும் அதே ஜாதி. ஆனால் சின்னது. கர்ப்பப்பை வாயைத் தாண்டி எங்கும் போகவில்லை. "நல்ல வேளை, இப்பவே கொண்டுவந்தீங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன்" என்றாள். நான் வெளியே வந்து அபியைக் கட்டிக்கொண்டு அழுதேன். கெட்ட செய்தி என்று நினைத்து அவனும் அழுதான். அப்புறம் புரியவைத்தேன். அதற்கும் அழுதான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள், "உன் மருந்தை நேக்குக் கொடுப்பாளா?"

"கொடுக்கமாட்டாம்மா. அது இன்னும் குடுவையைத் தாண்டலை."

"தாண்டட்டும், மெதுவாத் தாண்டட்டும். இனி வரவாளுக்காவது ஆகட்டும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தாடி மூஞ்சியை இப்படி வச்சிண்டிருக்கே? பயப்படாதே. நேக்குச் சாகணும்னு இன்னும் ஓர்மை வரலை" என்றாள்.

அவளுக்கு ஓர்மை வரவேயில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பின்னால் வந்த பரிசோதனைகளிலும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் கஞ்சியில் உப்பு இல்லை, விளக்கில் பிசுக்கு, துளசிக்கு நான் வெள்ளம் ஊற்றிய லட்சணத்தில் அது அழுகிவிட்டது என்று ஆரம்பித்தாள். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சுதீர் சார் எழுதிக் கேட்டு, அந்த வெளியூர்க்காரர்கள் இன்னொரு குப்பி செய்து அனுப்பினார்கள். செல்கள் பழையபடி செத்தன. குப்பிக்கு என்ன ஆயிற்று என்று சாரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தன் வீட்டம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார்.

இந்த வருஷ அஷ்டமிக்கு நான் எங்கும் போகவில்லை. சாயங்காலம் பூஜை அறையில் மணிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா ஈரத்தலையோடு உட்கார்ந்து, தானே திரித்த திரியைத் தானே ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அபியின் ஸ்குரூடிரைவர்கள் வரிசையாகச் சந்தனம் பூசிக்கொண்டு கிடந்தன.

"உன் ஆயுதம் எங்கேடி?" என்றாள் அம்மா.

"லேப் ஃப்ரீசர்லே. பூட்டி வச்சிருக்கேன். சாவியும் அங்கேயே இருக்கு. உங்க பிள்ளை கைக்கு எட்டாது."

"அப்போ நீ வா இங்கே. உட்காரு."

"நானா?"

"உட்காருன்னா உட்காரணும்."

ஸ்குரூடிரைவருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தாள். கிண்ணத்திலிருந்து சந்தனம் எடுத்து என் நெற்றியில் அழுத்தி இட்டாள். விரல் சூடாக இருந்தது. பூ ஒன்றை எடுத்து என் தலையில் போட்டாள். "பூஜைக்கு வச்சாச்சு. தசமி வரைக்கும் எழுந்திருக்கப்படாது, கேட்டயா?" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். வாசலில் அபி, சாயாவுக்குப் பால் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தான். நான் எழுந்திருக்கவில்லை.